டீசென்ற்றான ஆக்களோ?

வெள்ளவத்தையில் ஒரு அனெக்ஸ், வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, வாடகைக்கு வேண்டும் என்று யாரிடமாவது வாயைத் திறந்து பாருங்கள். எத்தனை பேர், எத்தனை மாதம், குழந்தை குட்டி உண்டா என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். கடைக்காரர் தராசுக்கு மேலாலும், பங்குச் சுவாமி மூக்குக்கண்ணாடிக்கு மேலாலும், பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத மனிதர் குடைப்பிடிக்கு மேலாலும் உங்களை ஒருதரம் பார்த்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"டீசென்ற்றான ஆக்களோ?"

இதைக் கேட்பவர்கள் ஒரு தனிச் சாதி. மன்னிக்கவும், சாதி என்று சொன்னால் அவர்களுக்குப் பிடிக்காது, அது டீசென்ற் இல்லை. தனி இனம் என்று சொல்லலாம் என்றால், இந்தக் காலத்தில் இனம் என்று சத்தமாகச் சொல்வதும் புத்தியில்லை. ஒரு வகை மனிதர் என்று வைத்துக்கொள்வோம். டீசென்ற்காரர். கொழும்பில் ஆறாம் வட்டாரத்தில் அடர்த்தியாகவும் மற்ற இடங்களில் பரவலாகவும் காணப்படுவர்.

எனக்கு நாலாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. அந்த நாலு வகுப்புக்குள் கன்னியாஸ்திரிமார் எங்களுக்கு ஆங்கில எதிர்ச்சொற்களைப் பிரம்போடு படிப்பித்தார்கள். டோல் என்றால் சோட். ஃபற் என்றால் தின். ரிச் என்றால் புவர்; இது மட்டும் எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் பிரம்பில்லாமலே ஏறிவிட்டது. டீசென்ற் என்ற சொல் அந்தப் புத்தகத்தில் இருக்கவில்லை. அதையும் அதன் எதிர்ச்சொற்களையும் நான் சொந்தக்காரரிடம்தான் படித்தேன்.

இந்த வகைக்கு நல்ல மாதிரி ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் தூரம் போகமாட்டேன். என் சித்தப்பா கிளெமென்ற்றின் மூத்த மகன் ஹியூபேட். துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். கொட்டாஞ்சேனையில் என் விரலைப் பிடித்துத்தான் நடக்கப் பழகினான். அந்த விரலை விட்டுவிட்டு நடந்த நடைதான், வெள்ளவத்தையில், கடல் பக்கத்துக் குறுகிய ஒழுங்கையொன்றில், பின்னால் ஒரு அனெக்ஸும் மாடியில் ஒரு அனெக்ஸும் வைத்த வீட்டில் போய் நின்றது. கீழே அவனும் மனைவி பிறிஜெற்றும். பிள்ளைகள் இரண்டும் அவுஸ்திரேலியாவில்.

ஹியூபேட்டின் வாயில் ஒரு மாப்பிள்ளை டீசென்ற் என்றால் குடிக்கமாட்டார் என்று அர்த்தம். குடிப்பார் என்று பிறகு தெரியவந்தால், வீட்டுக்குள் இருந்து குடிப்பார் என்று அர்த்தம். றோட்டிலும் நின்று குடிப்பார் என்று தெரியவந்தால், அது வெளிநாட்டு றோட்டாக இருக்கும்வரைக்கும் பரவாயில்லை. பெண் டீசென்ற் என்றால் சிரிக்கிற சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காது. வீடு டீசென்ற் என்றால் குளிக்கப் போவதற்கு முற்றத்துக்கு இறங்க வேண்டியதில்லை. சம்பளம் டீசென்ற் என்றால் எவ்வளவு என்று கேட்கக்கூடாது. செத்தவீடு டீசென்ற் என்றால் அழுகிறவர்கள் கைக்குட்டைக்குள் அழுதார்கள்.

சித்தப்பா கிளெமென்ற் போனபோது நான் இதைக் கண்ணால் கண்டேன். எங்கள் அத்தையின் மகள் மாக்ரெட் முகத்துவாரத்திலிருந்து வந்திறங்கி, பெட்டியைக் கண்டதும் தலைமயிரை அவிழ்த்து, "என்ர ராசா, வலைக்காரன் பெத்த வயிரமே" என்று தொடங்கினாள். ஹியூபேட் பாய்ந்து வந்தான், கையில் உடைத்த சோடாவோடு.

"குடியுங்கோ மச்சாள். களைச்சுப்போனீங்கள்."

"நான் இன்னும் துவங்கவே இல்லை, மச்சான்."

"அதுக்குத்தான் முதலே குடியுங்கோ எண்டுறன்."

நாட்டில் சண்டை தொடங்கிய பிறகு சொல் இன்னும் நீண்டுபோயிற்று. சோதனைக்கு வந்தவர்கள் டீசென்ற் என்றால் அலுமாரியைத் திறந்து பார்த்தார்கள், உடைத்துப் பார்க்கவில்லை. செக்பொயின்ற்றில் டீசென்ற் என்றால் சோற்றுப் பார்சலைப் பிரித்தவர்களே திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு குண்டுவெடிப்பே ஒருதரம் டீசென்ற் ஆகியிருக்கிறது. யன்னல் கண்ணாடிதான், ஆளுக்கு ஒன்றுமில்லை என்று பிறிஜெற் ரெலிபோனில் மகளுக்குச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

எதிர்ச்சொல் என்ன என்று கேட்கிறீர்களா? ஒன்றிருந்தால் சொல்லிவிடலாமே. மாப்பிள்ளை டீசென்ற் இல்லையென்றால் "ஆள் ஒரு மாதிரி." பெண் டீசென்ற் இல்லையென்றால் "கொஞ்சம் ஃபோர்வேட்." வீடு டீசென்ற் இல்லையென்றால் "தோட்டத்து வீடு", அதாவது ஒரே சுவரில் பத்துக் கதவு. குடும்பம் டீசென்ற் இல்லையென்றால் வார்த்தையே கிடையாது. உதட்டை ஒரு பக்கம் இழுத்து, "அவையள் வேற" என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விட வேண்டும். இடம் என்று வந்தால் மட்டும் எதிர்ச்சொல் சுத்தமாக ஒன்றுதான். வெள்ளவத்தையில் டீசென்ற்றுக்கு எதிர்ச்சொல் கொட்டாஞ்சேனை.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் அதற்காகத் தலை குனிந்துகொண்டா இருக்கிறோம்? எங்களுக்கு முகத்துவாரம் இருக்கிறது. முகத்துவாரத்தில் மாக்ரெட்டைக் கேட்டால் "ஆத்துக்கு அங்கால பாக்க எங்கட பக்கம் எவ்வளவோ டீசென்ற்" என்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் விசாரிக்க என் முழங்கால் விடுகிறதில்லை. ஆனால் அங்கேயும் ஒருவர் வாசலில் நின்று இன்னும் வடக்கே கை காட்டிக்கொண்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கருவாட்டைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். டீசென்ற்காரர் வீட்டில் கருவாடு சமைப்பதில்லை. அவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்து சாப்பிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்த கையோடு, "அக்காவை ஒருக்கா பாத்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்" என்று ஹியூபேட்டும் பிறிஜெற்றும் என் குசினிக்குள் நிற்பார்கள். என்னைப் பார்க்கிற ஆசை ஒருநாளும் கட்டாக்கருவாடு பொரிகிற நாளைத் தவறவிட்டதில்லை.

இவ்வளவும் சும்மா முகம் காட்டல்தான். டீசென்ற்காரரின் உண்மையான வித்தை விசாரணையில் இருக்கிறது. முதலில், "ஊரில எவடம்?" நீங்கள் ஊரைச் சொல்கிறீர்கள். "எந்தக் கோயிலடி?" சொல்கிறீர்கள். "அதில ஒரு சங்கக்கடை இருக்கெல்லோ?" இருக்கிறது. "அதுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?" இந்த நாலாவது கேள்வியோடு உங்கள் பாட்டனும் பூட்டனும் அவர்கள் தண்ணீர் அள்ளிய கிணறும் உங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து வரிசையாக நிற்பார்கள். உங்களுக்கே தெரியாத உங்களை அவர் கண்டுபிடித்துவிடுவார். பொலிசுக்காரர்கூட மூன்று கேள்வியோடு ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, திருப்பித் தந்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஹியூபேட்டிடம்தான், போன வருடம் பின் அனெக்ஸ் காலியானபோது, நான் செலீனையும் அவள் மகள் டோரினையும் அனுப்பினேன்.

செலீன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். புருசன் இல்லை. டோரினுக்கு இருபத்திரண்டு வயது, கனடாவில் பேர்னாட் என்று ஒரு பிள்ளையோடு கலியாணம் பேசி நாலு வருடமாகக் காத்திருக்கிறாள். தூதரகத்தில் நேர்முகத்துக்கு இருபத்துநாலாம் திகதி வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. தாயும் மகளும் தங்கியிருந்தது கொட்டாஞ்சேனையில் வெங்கடேஸ்வரன் முதலாளியின் லொட்ஜில். முதலாளி நல்ல மனிதர். ஆனால் அவர் மகளின் கலியாணத்துக்கு இந்தியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், இருபதாம் திகதிக்குள் அறையை விடவேண்டும். அவர்களுடைய பொலிஸ் பதிவுத் துண்டும் அந்தத் திகதியோடு முடிகிறது. பிறகு கொழும்பில் யாராவது ஒரு வீட்டுக்காரர் பொலிஸ் படிவத்தில் அவர்கள் பெயரைத் தன் வீட்டு ஆட்களோடு சேர்த்து எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். வைக்காவிட்டால் பதிவில்லை. பதிவில்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று வெள்ளவத்தையின் பெரிய தெருவான காலி வீதியில் நடந்தால் அவள் போய்ச் சேருகிற இடம் தூதரகமாக இருக்காது.

அந்தப் படிவத்தில் ஒரு கூடு இருக்கிறது. வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு? அந்தக் கூட்டில்தான் ஹியூபேட்டின் உயிர் இருந்தது.

ஏனென்றால், நான் இப்போது சொல்லப்போவதை வெள்ளவத்தையில் யாரிடமும் சொல்லவேண்டாம். ஹியூபேட்டுக்கும் எனக்கும் தகப்பனைப் பெற்ற அப்பு ஒருவர்தான், சவிரிமுத்து. யாழ்ப்பாணத்துக் கரையோரக் குருநகரிலிருந்து வலையும் வள்ளமுமாக முகத்துவாரத்துக்கு வந்து கரையேறியவர். அவருடைய சொந்தத் தம்பி அந்தோனிப்பிள்ளை ஊரிலேயே நின்றுவிட்டார். அந்த அந்தோனிப்பிள்ளையின் மகனுடைய மகள்தான் செலீன். கணக்குப் பார்த்தால் ஹியூபேட்டுக்குத் தங்கச்சி முறை. டோரினுக்கு அவன் மாமா. ஆனால் ஹியூபேட் முப்பது வருடமாக ஒழுங்கை முழுதும் சொல்லிவைத்திருக்கிற கதை வேறு. தன் ஆட்கள் யாழ்ப்பாணம் ரவுண், நடு நகரம். அப்பு கப்பல் வியாபாரம். முழுப் பொய் என்று சொல்லமுடியாது. வள்ளமும் கடலில்தான் போகும், பாரை மீனும் வியாபாரம்தான்.

அதனால் நான் செலீனுக்குச் சொன்னேன். "உறவு எண்டு சொல்லிக்கொண்டு போகாத. சொன்னா கதவைச் சாத்துவான். வாடகைக்கு வந்த ஆக்களாப் போ."

"ஆர் எண்டு கேட்டா, அக்கா?"

"அவன் எவடம் எண்டு சொல்லுறானோ, நீயும் அவடம் எண்டு சொல்லு."

அடுத்த நாள் நானும் கூடப் போனேன், பார்க்காமல் விடுகிற காட்சியா அது? விறாந்தையில் பிரம்புக் கதிரை. ஹியூபேட் வெள்ளைச் சட்டை. பிறிஜெற் பிளேன்ரீ கொண்டுவந்தாள், பிஸ்கட் இல்லாமல். பிஸ்கட் தீர்ப்புக்குப் பிறகுதான்.

"ஊரில எவடம்?" என்று தொடங்கினான் ஹியூபேட்.

"ரவுண்," என்றாள் செலீன்.

"ரவுணில எவடம்?"

"ரவுணுக்குள்ளதான்."

"ரவுணுக்குள்ள எண்டால், எந்தப் பக்கம்?"

செலீன் பிளேன்ரீயை ஒரு மிடறு குடித்தாள். "ஐயாவும் ரவுண்தானே. நீங்கள் எந்தப் பக்கம்?"

ஹியூபேட் இருமினான். பிறிஜெற் காற்றாடியைக் கூட்டிவைத்தாள். டோரின் சிரிப்பை அடக்க முயன்று அடுத்த அறைக்குக் கேட்கிறமாதிரிச் சிரித்துவிட்டாள். அதுவே பதினொரு நாள் விசாரணைக்குப் போதுமாகிவிட்டது.

பங்குச் சுவாமியிடம் கேட்டான். பழைய கந்தோர்க் கூட்டாளிகளிடம் கேட்டான். பாமன்கடையில் மரக்கறி வாங்கப்போன இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் என்று கண்ட எல்லோரிடமும் கேட்டான். ஒரு விசயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. வழக்கமாக அவன் கேட்பது, "அவையள் எப்பிடி ஆக்கள்?" இந்த முறை கேட்டதெல்லாம், "அவையளைத் தெரிஞ்ச ஆக்கள் இஞ்ச ஆரும் இருக்கினமோ?" இருக்கினம் என்று சொன்னால் முகம் விழுந்தது. இல்லை என்றால் தெளிந்தது. எனக்கு வயது போய்விட்டது, அதுதான் விளங்கவில்லை என்று நினைத்தேன்.

நான் ரெலிபோன் எடுத்தால், "பாப்பம் அக்கா. டீசென்ற்றா விசாரிச்சுச் செய்யவேணும்" என்பான்.

"இருபதாம் திகதி வருகுது, தம்பி."

"திகதிக்காக டீசென்ற்றை விடேலாது."

பதினெட்டாம் திகதி காலை பதினொரு மணி இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் ஹியூபேட் வெங்கடேஸ்வரன் லொட்ஜுக்குப் போனான். நோக்கம் என்னவென்றால், டீசென்ற்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கடைசிச் சோதனை அது: முன்னறிவிப்பில்லாமல் போய், கொடியில் என்ன காய்கிறது, அடுப்பில் என்ன கொதிக்கிறது, செருப்பு வாசலில் நேராக இருக்கிறதா கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பது. ஒரு சாட்டுக்காகக் கையில் ஒரு சீப்பு ஆனை வாழைப்பழம். வெள்ளைக் காற்சட்டை, கறுப்புச் சப்பாத்து, குடை. ஐ.சி. இல்லை.

ஏன் இல்லை? அவன் அதைக் கொண்டு திரிவதில்லை. ஐ.சி. அலுமாரியில், ஞானஸ்நானப் பத்திரத்தோடு, பிளாஸ்ரிக் உறைக்குள் இருக்கும். "சந்தேகப்படுற ஆக்களுக்குத்தான் ஐ.சி. எனக்கு முகம் போதும்" என்பான். ஒழுங்கை முனையில் நிற்கிற ஆமிக்காரப் பிள்ளைகள் காலையிலும் மாலையிலும் அவனைக் கண்டு தலையாட்டுவதால் அது உண்மை என்றே நம்பியிருந்தான். அந்த முகம் அந்த ஒழுங்கைக்குள் மட்டும்தான் செல்லும் என்பது அவனுக்குத் தெரியாது.

அவன் லொட்ஜ் நடையில் நின்று மூக்கை அறைப் பக்கம் நீட்டிய நேரம் பொலிசார் சோதனைக்கு வந்தார்கள்.

லொட்ஜில் இருந்தவர்கள் பழகியவர்கள். சத்தமில்லாமல் வெளியே வந்து, ஐ.சி., பதிவுத் துண்டு, லொட்ஜ்ப் பட்டியலில் தங்கள் இலக்கம், எல்லாவற்றையும் கையில் வைத்து வரிசையாக நின்றார்கள். சிலர் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டார்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டு வாழைப்பழத்தோடு நின்றது ஹியூபேட் ஒருவன்தான்.

"மஹத்தயா, அய்டென்டி எக்க?" என்று சார்ஜன் சிங்களத்தில் மரியாதையாகத்தான் ஐ.சி.யைக் கேட்டார்.

ஹியூபேட்டுக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. ஆனால் பயத்தில் வாயில் வந்தது ஆங்கிலம். "ஐ ஆம் எ டீசென்ற் மேன்" என்றான்.

சார்ஜன் பக்கத்தில் பட்டியலோடு நின்ற பொலிசுக்காரரைப் பார்த்தார். அவர் மேலிருந்து கீழே விரலை ஓட்டி, திருப்பி மேலே ஓட்டி, "எஹம நமக் நே, சேர்" என்றார். அப்படி ஒரு பெயர் இல்லை.

பட்டியலில் இருந்தவர்கள் எல்லோரும் அறைக்குத் திரும்பினார்கள். ஹியூபேட் மட்டும் ஜீப்பில் ஏறினான்.

செலீனும் டோரினும் மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடிவந்தார்கள். நான் பிறிஜெற்றுக்கு ரெலிபோன் எடுத்து ஐ.சி.யோடு வரச்சொன்னேன். ஆனால் வெள்ளவத்தையிலிருந்து எங்கள் பக்கம் வர வழியில் எத்தனை மறிப்பு. அதுவரைக்கும் யாராவது போய், இந்த மனிதர் எங்களைப் பார்க்கத்தான் வந்தார் என்று சொல்லவேண்டும். நான் போகலாம், ஆனால் நான் லொட்ஜில் இருக்கவில்லையே. சொல்லவேண்டியவள் செலீன். இன்னும் இரண்டு நாளில் துண்டு முடிகிற செலீன். தானாகக் கால் எடுத்துப் பொலிசுக்குள் வைத்தால், துண்டைக் கொண்டா, மகளின் துண்டைக் கொண்டா, பிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் இல்லை. மகளின் நாலு வருடம் அந்தப் பதிலில் நிற்கிறது.

"அம்மா, போவம்," என்றாள் டோரின். "அந்த மனிசன் எங்களைப் பாக்கத்தானே வந்தது."

"பாக்க வரேல்லையடி. மூக்கால மணந்து பாக்க வந்தது."

"சரி, மணந்து பாக்கத்தான் வந்தது. அதுக்கு உள்ள கிடக்கிறதோ?"

செலீன் என்னைப் பார்த்தாள். போ என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். மூவருமாகப் போனோம்.

பொலிசில் ஒரு நீள வாங்கு. அதில் பலவகை மனிதர்களுக்கு நடுவில், குடையை முழங்காலுக்கிடையில் நட்டு, பழத்தை மடியில் வைத்து ஹியூபேட் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்த ஒருவர் ஒரு பழத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். ஹியூபேட் அவரைத் தடுக்கவில்லை. அது ஒன்றே போதும், அவன் எந்த நிலையில் இருந்தான் என்று எனக்கு விளங்க.

சார்ஜன் அவனை மேசைக்குக் கூப்பிட்டார். பெண்கள் இருக்கிற நடையில் என்ன வேலை? இந்த அம்மாவையும் பிள்ளையையும் பார்க்கப் போனீர்களா? "நேயோத?" சொந்தக்காரரா?

இப்போது பாருங்கள் அவன் நிலையை. சொந்தமில்லை என்றால், அறுபது வயது மனிதன், வாழைப்பழத்தோடு, பெண்பிள்ளை இருக்கிற அறை வாசலில் என்ன செய்துகொண்டிருந்தான்? வாழ்நாள் முழுதும் மற்றவர்களுக்கு அவன் அளந்து கொடுத்த எதிர்ச்சொற்கள் அத்தனையும் அன்றைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்று அவனுக்காகக் காத்திருந்தன. சொந்தம் என்றால் ரவுண் போயிற்று, கப்பல் போயிற்று.

ஹியூபேட் பழச்சீப்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். சார்ஜன் செலீன் பக்கம் திரும்பினார். அவள் ஹியூபேட்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள், பதினொரு நாளையும் ஒவ்வொன்றாக. அவள் இல்லை என்று தலையாட்டியிருந்தால் நான் குறை சொல்லியிருக்கமாட்டேன்.

"மாமா," என்றாள் டோரின்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. சிங்களத்திலும் மாமா மாமாதான். சார்ஜனின் முகம் இளகியது. செலீன் ஒரு பெருமூச்சு விட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒன்றாகச் சேர்த்துச் சொன்னாள்: "டீசென்ற், சேர். வெரி டீசென்ற்."

விசயம் அதோடு முடிந்திருக்கும். சார்ஜன் கெட்டிக்காரர். ஹியூபேட்டின் முகவரியையும் வீட்டு விபரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை நிறுத்தினார். வெள்ளவத்தையில் மாமாவுக்கு வீடு இருக்கிறது. இரண்டு அனெக்ஸ் இருக்கிறது, ஒன்று காலி. மருமகள் லொட்ஜில். அவர் நிமிர்ந்து பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"ஏக ஹரித, மாமா?"

அது சரியா, மாமா? வாங்கில் இருந்த அத்தனை பேரும், பழம் தின்றவரும், ஹியூபேட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். டீசென்ற் என்ற சொல்லுக்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்கு அன்றைக்கு விளங்கியது.

சார்ஜன் லாச்சியைத் திறந்து ஒரு வெறும் படிவத்தை எடுத்து நீட்டினார். இங்கேயே நிரப்புங்கள், வெள்ளவத்தைப் பொலிசில் நாளைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பெயர், வயது, ஐ.சி. இலக்கம் எல்லாம் கிளாக்கின் அழகான கையெழுத்தில் ஓடிவந்தன. உறவு என்ற கூட்டுக்கு வந்ததும் பேனை நின்றது. நான் காதோடு குனிந்தேன். இனி மறைத்து என்ன?

"தம்பி, பயப்பிடாமல் எழுது. பொய் இல்லை. அது எங்கட அந்தோனிப்பிள்ளை சின்னப்புவின்ர..."

"தெரியும் அக்கா," என்றான், தலையை நிமிர்த்தாமல்.

"என்ன தெரியும்?"

"முதல் நாளே தெரியும். அந்தப் பிள்ளை சிரிச்சபோதே. எங்கட அப்பு சிரிக்கிற சிரிப்பு." மூக்கை உறிஞ்சினான். "வேற ஆருக்கும் தெரியுமோ எண்டுதான் பதினொரு நாளாக் கேட்டுக்கொண்டு திரிஞ்சனான்."

நல்ல கதை. ஒரே இரகசியத்தை நாங்கள் நாலு பேர் ஆளுக்கொரு மூலையில் ஒளித்துவைத்து, மற்றவருக்குத் தெரியாது என்று காவல் காத்திருக்கிறோம். ஹியூபேட் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, செலீனுக்கு நேரே 'தங்கை' என்றும் டோரினுக்கு நேரே 'மருமகள்' என்றும் எழுதிக் கையெழுத்து வைத்தான். பிறகு எழுந்துபோய் வாங்கில் இருந்த எல்லோருக்கும் பழம் கொடுத்தான்.

பிறிஜெற் வந்து சேர இரண்டரை மணியாகிவிட்டது. மறிப்புகள் ஒரு காரணம். பொலிசுக்குப் போக எந்தச் சீலை டீசென்ற் என்று நாலு சீலை மாற்றியது மற்றக் காரணம். பிளாஸ்ரிக் உறையோடு ஐ.சி.யை நீட்டிக்கொண்டு, "எப்பிடி, அவங்கள் டீசென்ற்றா நடந்தாங்களோ?" என்று கேட்டாள்.

"எங்களை விட," என்றான் ஹியூபேட்.

பத்தொன்பதாம் திகதி தாயும் மகளும் அனெக்ஸுக்கு வந்தார்கள். இருபத்துநாலாம் திகதி டோரின் நேர்முகத்துக்குப் போனாள். தை மாதம் கனடாவுக்குப் பறந்தாள். விமான நிலையத்தில் சத்தமாக அழுதது யார் என்று நினைக்கிறீர்கள்? சோடா உடைத்துக் கொடுக்க ஆளில்லாமல் நாங்கள் ஹியூபேட்டைத் தாங்கிப்பிடிக்க வேண்டியதாயிற்று.

செலீன் அங்கேயே இருக்கிறாள். சனிக்கிழமையில் யன்னலைத் திறந்துவைத்துக் கருவாடு பொரிக்கிறாள். ஹியூபேட் ஒழுங்கைக்குத் தெரியாமல் பின்கதவால் சாப்பாட்டுக் கோப்பையோடு போகிறான். ஒழுங்கைக்குத் தெரியும். இப்போது ஹியூபேட்டும் பிறிஜெற்றும் என் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது. என் மேல் உள்ள பாசம் எவ்வளவு என்று அப்போதுதான் சரியாக நிறுக்க முடிந்தது.

போன கிழமை நான் செலீனிடம் ரெலிபோனில் கதைத்தேன். நாகேஸ்வரி என்று ஒரு ரீச்சர், கிளிநொச்சியிலிருந்து இரண்டு பிள்ளைகளோடு வந்திருக்கிறாள், மாடி அனெக்ஸ் காலியாகிறது என்று கேள்விப்பட்டேன், கொடுக்கலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கருவாடு பொரிகிற சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு செலீன் குரலைத் தாழ்த்தி, "அக்கா," என்றாள். "டீசென்ற்றான ஆக்களோ?"

நான் சிரித்தேன் என்றால் அது முழு உண்மையில்லை. நாகேஸ்வரி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, தேத்தண்ணி வைக்க எழுந்திருக்கு முன் நானே அவளிடம் மூன்று கேள்வி கேட்டிருந்தேன். நாலாவது வாய்வரை வந்தது.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, நல்லவேளை நாங்கள் இப்படி இல்லை என்று நீங்கள் கதிரையில் சாய்வது எனக்கு இங்கிருந்து தெரிகிறது. சாயுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன். நடுவில் நான் குருநகர் என்று ஒரு ஊர் சொன்னேன். சவிரிமுத்து என்று ஒரு பெயர் சொன்னேன், வள்ளம் என்று ஒரு தொழில் சொன்னேன். அந்த இடத்தில் உங்கள் கண் ஒரு நொடி நின்று, "ஓ, அந்த ஆக்களோ" என்று தலை ஒருதரம் ஆடியதா இல்லையா?

ஆடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். மாடி அனெக்ஸ் முதலாம் திகதி காலியாகிறது. காற்று நல்லது, குளியலறை உள்ளேயே இருக்கிறது. நாகேஸ்வரிக்குக் கொடுப்பதா விடுவதா என்று செலீன் இன்னும் விசாரித்து முடிக்கவில்லை. ஒருநாள் போய் அவளுக்கு உதவி செய்துவிட்டு வாருங்கள்.

போகும்போது ஐ.சி.யைக் கொண்டுபோங்கள். உங்கள் முகம் அந்த ஒழுங்கையில் செல்லாது.